பாஸ் ஊர்ச் சாமியின் முன்தண்டு

தெய்வத்தைத் தோளில் சுமக்கிறவனைத் தெய்வம் தன் தோளில் சுமக்கிறது. மனித நாகரிகமே இந்த ஓர் ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது. தோஹாவில், நஜ்மா பக்கத்து உணவகம் ஒன்றின் மாடியில் கூடிய தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் சிவசங்கரன் இப்படிச் சொன்னபோது நல்ல கைதட்டல் கிடைத்தது. தம் ஐம்பத்தோரு வயது வரை அவர் தோளில் சுமந்தது லேப்டாப் பை ஒன்றுதான். அதிலும் சக்கரம் வைத்தது வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

பேச்சுக்குக் காரணம் அவருடைய பாஸ். சிவசங்கரன் ஒரு ஸ்பானியக் கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் மேனேஜர். பாஸின் பெயர் எஸ்தெபான். அவருடைய சொந்த ஊரின் பெயரில் மூன்று றகரமும் நடுவில் ஓர் இருமலும் வருவதால் ஆபீஸில் எல்லோரும் ‘பாஸ் ஊர்’ என்றே சொல்லிவந்தார்கள். பாஸ் ஊருக்கு ஒரு காவல் சாமி உண்டு. சான் ரோக்கே என்று பெயர். கொள்ளை நோய் அண்டாமல் ஊரைப் பார்த்துக்கொள்கிற புனிதர். தொடையில் ஒரு புண்ணும், காலடியில் ரொட்டியைக் கவ்விய நாயுமாக நிற்பார். ஆகஸ்ட் நடுவில் அவருக்குத் திருவிழா. சாமி ஊர்வலம், பந்தி, பாட்டு, பிறகு தள்ளுவண்டியில் காளைக் கொம்பைக் கட்டிப் பிள்ளைகளை விரட்டுகிற விளையாட்டு. முப்பது வருடமாக லீவு போட்டு அதற்குப் போனவர் எஸ்தெபான். இந்த வருடம் கட்டிடத்தை ஒப்படைக்கிற தேதி ஆகஸ்டில் வந்து விழுந்துவிட்டது. மனிதர் ஜூலை முழுவதும் சோகமாக இருந்துவிட்டு, சாமி இருக்கிற இடம்தான் ஊர் என்று முடிவெடுத்தார். ஸ்பானியக் குடும்பங்கள் குடியிருக்கும் காம்பவுண்டின் சுவர்களுக்கு உள்ளேயே, பேட்மிண்டன் ஹாலில் புறப்பட்டுக் குழந்தைகள் நீச்சல் குளத்தைச் சுற்றித் திரும்புகிற மாதிரி ஓர் ஊர்வலம்.

தோளுக்குத்தான் பஞ்சம். ஆகஸ்டில் ஸ்பானியர்கள் ஸ்பெயினில் இருப்பார்கள். சாமி தூக்க எட்டுப் பேர் வேண்டும். காம்பவுண்டில் மிஞ்சியிருந்த ஆண்கள் ஐந்து பேர், அதில் ஒருவருக்கு முதுகில் டிஸ்க் நழுவியிருந்தது. மீதி நான்கு தோளைக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்.

அந்த நிமிடமே சிவசங்கரன் முன்தண்டைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டார். மனதுக்குள்தான். சாமிக்கு வலது பக்கம், முதல் ஆள். மாட்ரிட் தலைமை அலுவலகம் மாதாமாதம் அனுப்புகிற கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் படம் வரும். அதில் அவர் முகம் வரும். பிறகு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு பத்தியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை போட்டார். நாயோடு நிற்பவர் பைரவர். ஆகவே சான் ரோக்கே யார் என்று விஷயம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து பைரவரைச் சுமக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கிறது. சங்கத் தலைவர் சேதுமாதவன் கைகூப்பிய பொம்மை மூன்று போட்டார். சிவசங்கரனின் மனைவி நளினி பதினேழு குடும்பங்களை விழாவுக்கு அழைத்தாள்.

கார்மேகம் குறுக்கே வந்தது அதற்குப் பிறகுதான்.

கார்மேகம் கம்பெனியில் சாரம் கட்டுகிற ஆட்களின் ஃபோர்மேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து மனிதர். தொழில்பேட்டை கேம்பில் ஆறு கட்டில் போட்ட ரூமில் பதினாலு வருடம். சப்பரம் செய்கிற வேலை அந்தப் பேட்டையிலேயே இருந்த கம்பெனிப் பட்டறைக்கு வந்தது. பாஸ் ஞாபகத்திலிருந்து ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனார். மொழிபெயர்க்க சிவசங்கரனும் போனார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கார்மேகம் வாயைத் திறந்தார்.

“ஆணி, போல்ட்டெல்லாம் வேணாம் சார். நீளத் தண்டு ரெண்டு, குறுக்க நாலு. கயித்துல வரிஞ்சு கட்டிருவோம். அப்பத்தான் நடக்கையில சாமி அசைஞ்சு அசைஞ்சு வரும். போல்ட் போட்டிய, பொணம் மாதிரி வெறச்சுக்கிட்டு வரும்.”

பிணத்தை எப்படி மரியாதையாக ஆங்கிலத்தில் சொல்வது என்று சிவசங்கரன் யோசிப்பதற்குள், கார்மேகம் தோள்மேல் கை வைத்து நாலு எட்டு நடந்தே காட்டிவிட்டார். பாஸ் முகம் மலர்ந்துபோனது. எங்கள் ஊரிலும் கயிறுதான், நான்தான் மறந்துவிட்டேன் என்றார். கார்மேகத்தின் தோளில் கை போட்டார். போட்ட கையை எடுக்காமலே பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஏழு வருட சர்வீஸில் அந்தக் கை சிவசங்கரனின் தோளுக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. அன்றைக்கு லிஃப்டில் கூட்டம்.

அதோடு போகவில்லை. ஸ்பெயினிலிருந்து சிலை இரண்டு பெட்டியில் வந்தது. நாய் இருந்த பெட்டி வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. கார்மேகத்தின் ரூம்காரர் ஐயப்பன், பட்டறையில் தச்சு வேலை, தெர்மோகோலிலும் பிளாஸ்டரிலும் ஒரு நாய் செய்து கொடுத்தார். வால் சுருண்டு, காது விடைத்து, பார்த்தால் கமுதிச் சந்தையில் எலும்புக்குக் காத்திருக்கிற நாய் போல இருந்தது. பாஸ் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் கார்மேகம், மறுபக்கம் ஐயப்பன், நடுவில் நாய் என்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தவர் சிவசங்கரன்.

இன்னொன்றும் இருந்தது. பாஸ் அவரை ‘சீபா’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிய நாக்கு, என்ன செய்ய என்று அவரும் விட்டிருந்தார். அதே நாக்கு இப்போது ‘கார்மேகம்’ என்று ஐந்து எழுத்தையும் பிசகாமல் சொன்னது. சிவசங்கரன் காரில் திரும்பும்போது தம் பெயரைத் தாமே நான்கு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். அப்படி ஒன்றும் கஷ்டமான பெயராகத் தெரியவில்லை.

இரண்டு நாளில் இடப் பட்டியல் மெயிலில் வந்தது. வலது முன்தண்டு, கார்மேகம். அவருக்குப் பின்னால் ஐயப்பன். சிவசங்கரன் பெயர் எட்டில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் மெயிலைப் படித்துக் காட்டினார்.

“அவன் என்ன எம்.இ. படிச்சிருக்கானா?”

“சாமி தூக்க எதுக்குங்க எம்.இ.?” என்றாள் நளினி.

பன்னிரண்டாவது படிக்கிற மகள் அனன்யா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்பா, யூ ஆர் சோ ஜெலஸ்” என்றாள்.

“இதுல பொறாமை எங்க வந்துச்சு? நான் ப்ரோட்டோகால் பத்திப் பேசறேன்” என்றார் சிவசங்கரன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் பாஸ் தம் அறைக்குக் கூப்பிட்டு அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். ஆள் உயரக் கம்பு. வார்னிஷ் அடித்து, தலையில் பித்தளைக் குமிழ் வைத்தது. இதைப் பிடித்துக்கொண்டு நீ சாமிக்கு முன்னால் நடக்க வேண்டும் என்றார். மேலே ஏதோ விளக்கவும் தொடங்கினார், அதற்குள் மாட்ரிட்டிலிருந்து போன் வந்துவிட்டது. சிவசங்கரன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். கேள்வி கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். அதனால் பாஸ் முன்னால் அவர் கேள்வியே கேட்பதில்லை. அதைக் கடைப்பிடித்துத்தான் மேனேஜர் வரைக்கும் வந்திருந்தார்.

கம்பை மேஜைமேல் படுக்க வைத்துப் பார்த்தார். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகள் கையில் இப்படித்தான் ஒன்று இருக்கும். குமிழ் மட்டும் இருக்காது. விஷயம் விளங்கிவிட்டது. சாரம் கட்டுகிறவன் சாமி தூக்குவான். பிளானிங் மேனேஜர் முன்னால் போய்ப் பிள்ளைகுட்டிகளை விலகு விலகு என்று விரட்ட வேண்டும். பதினேழு குடும்பமும் பட்டுப்புடவையில் நின்று அதைப் பார்க்கும்.

அன்று மத்தியானமே தொழில்பேட்டைக்குப் போனார். வெயிலுக்காக சைட் வேலை நிறுத்தியிருந்த நேரம். கார்மேகம் பட்டறையில் கயிற்றை நனைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். சிவசங்கரன் குரலில் கருணையை வரவழைத்துக்கொண்டு, இந்த ஆகஸ்ட் உஷ்ணத்தில் நாள் முழுக்க டூட்டி பார்த்துவிட்டு நீ பாரமும் தூக்க வேண்டுமா, உனக்கு லேசான வேலையாகக் கொடுக்கிறேன், இந்தக் கம்பை நீ பிடி, தண்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

கார்மேகம் கம்பை வாங்கவில்லை. மேலும் கீழும் பார்த்தார்.

“வேணாம் சார். எங்க பக்கமெல்லாம் கம்பு பிடிக்கிறவருதான் சார் பெரிய ஆளு. தூக்குறவன் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போவான். இது ஒங்களுக்குன்னுதானே குடுத்திருக்காரு?”

தன்னைத் தேற்றுகிறான் என்று சிவசங்கரனுக்குத் தோன்றியது. ஃபோர்மேன் தேற்றுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று காது மடல் சுட்டது.

“பெரிய ஆளாவே இருந்துக்கோ, கார்மேகம். பிடி.”

“எதுக்கும் பாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க சார்.”

கேட்டார். அதாவது, கம்பு கார்மேகத்துக்குப் போகட்டும், அவனுடைய இடத்தில் நின்று நான் சுமக்கிறேன் என்று அறிவித்தார். எஸ்தெபான் எழுந்து வந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் ஊரில் இதுவரை ஒருவர்கூட இப்படிச் செய்ததில்லை, சீபா, என்றபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. ஒரு கம்பை மாற்றிக்கொண்டதற்கு இவ்வளவா என்று சிவசங்கரனுக்கே ஆச்சரியம்தான். அந்த அணைப்பு எத்தனை வினாடி நீடித்தது என்று வீட்டில் நளினியிடம் சொன்னார்.

கடைசியாக ஓர் இடைஞ்சல். தண்டு பிடிக்கிற எட்டுத் தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாஸ் ஊர்ச் சட்டம். ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, தரையிலிருந்து தோள்பட்டை வரைக்கும் டேப் பிடித்து அளப்பார்கள். ஸ்பானியர் நால்வரும் கேம்ப் ஆட்கள் மூவரும் ஒரு விரல் வித்தியாசத்துக்குள் அடங்கினார்கள். சிவசங்கரன் நன்றாகவே குறைந்தார். ஷூ மாற்றிக்கொண்டு வருகிறேன், நாளைக்கு அளந்துகொள்ளுங்கள் என்றார். நஜ்மாவில் ஒரு கடையில், உள்ளே குதிகால் மறைத்து வைத்த கறுப்பு ஷூ கிடைத்தது. கடைக்காரர் ஹஸ்னைன், மாப்பிள்ளைமார்தான் இதை அதிகம் வாங்குவார்கள், சாருக்குக் கல்யாணமா என்று இந்தியில் விசாரித்தார். மறுநாள் டேப்பில் சிவசங்கரன் பாஸாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் காம்பவுண்டில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. நடைபாதையில் ஈரக் கார்பெட் விரித்திருந்தார்கள். சுவருக்கு வெளியே கேட்காத அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் பேண்டு வாத்தியம் முழங்கியது. சர்க்கரையில் புரட்டிய நீள முறுக்கும், இறால் போட்ட தக்காளிச் சாதமும் ஹாலின் ஓரத்தில் தயாராக இருந்தன. ஒயின் என்று எழுதி வைத்த ஜாடியில் திராட்சை ஜூஸ். ஸ்பானியப் பெண்கள் புள்ளி போட்ட பாவாடையிலும் சங்கத்துப் பெண்கள் பட்டிலும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் விலை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவசங்கரன் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சிவப்புத் துணியுமாக முன்தண்டின் அருகே நின்றார். சேஃப்டி ஆபீசர் பத்திரிகைக்காகக் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பக்கம் போனாலும் சிவசங்கரனின் தாடை அந்தப் பக்கம் திரும்பியது.

அப்போது கார்மேகம் உள்ளே வந்தார். அதே வெள்ளைச் சட்டை. கையில் கம்பு. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நேரே சாமி முன்னால் போய் நின்று ஒரு கும்பிடு போட்டார். பட்டுப்புடவைப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பாருங்க, எவ்வளவு பக்தி என்றாள் ஒருத்தி. நம்ம ஆளுங்க யாருக்கு இது தோணுச்சு என்றாள் இன்னொருத்தி. சேதுமாதவன் தம் பாட்டா செருப்பைச் சத்தமில்லாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அத்தனை கண்ணும் இப்போது சிவசங்கரனின் கறுப்பு ஷூவில் வந்து தங்கின.

நளினி அருகே வந்தாள். “பைரவர்னு பன்னெண்டு பாரா எழுதிட்டு ஷூவோட தூக்கப் போறீங்களா?”

“அது வந்து…”

“அவர் கழட்டிட்டார் பாருங்க.”

அந்த ‘அவர்’தான் அவரால் தாங்க முடியாதது. கேம்ப் ஆளுக்கு நளினி வாயிலிருந்து மரியாதை விகுதி. சிவசங்கரன் குனிந்தார். கார்மேகத்தைவிட நிதானமாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஷூவைக் கழற்றினார். அதோடு நிற்காமல் காலுறையையும் கழற்றி மடித்து வைத்தார். கார்மேகம் காலுறையைக் கழற்றவில்லை என்பதை யாராவது கவனித்தால் நல்லது என்று நினைத்தார். கார்மேகம் காலுறை போட்டிருக்கவில்லை.

டிஸ்க் நழுவிய ஸ்பானியர் கை தட்டினார். எட்டுப் பேரும் குனிந்து எழுந்தார்கள். சான் ரோக்கே அசைந்தார். ஐயப்பனின் நாயும் அசைந்தது. கம்போடு கார்மேகம் முன்னால் நடந்தார். யாரையும் விலகச் சொல்லவில்லை. அவர் வந்தார், கூட்டம் தானாக விலகியது.

குளத்தருகே வரும்போது சிவசங்கரன் ஓர் அற்புதத்தை உணர்ந்தார். பாரமே இல்லை. இடது பக்கத்து ஸ்பானியர் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார். பின்னால் ஐயப்பன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. தமக்கோ ஒரு பூக்கூடை அளவுகூட இல்லை. தண்டை ஒரு கையால் உயரே பிடித்துக்கொண்டார். முகத்தில் புன்னகையைக் கொண்டுவந்தார். கேமரா இரண்டு தடவை மின்னியது.

ஹாலுக்குத் திரும்பிச் சாமியை இறக்கியதும், வேர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு சேதுமாதவனிடம் அதைச் சொன்னார். உண்மையான நம்பிக்கை இருந்தால் பாரம் தெரியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்கு அனுபவித்தேன். சேதுமாதவன் அவருடைய தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதே சமயம் பாஸ் மைக்கைப் பிடித்தார். தம் இடுப்பிலிருந்த பட்டுத் துணியை அவிழ்த்துக் கார்மேகத்தின் தோளில் போட்டார். எங்கள் ஊரில், கோல் பிடிக்கிறவர்தான் அந்த வருடத் திருவிழாவுக்குத் தலைவர் என்றார். முதல் தட்டு அவருக்கு. அடுத்த ஆகஸ்ட் வரை சாமி அவர் வீட்டில் இருக்கும். சாமி இருக்கிற வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட வேண்டும். மாட்ரிட்டிலிருந்து சேர்மன் அக்டோபரில் வரும்போது முதல் சாப்பாடு கார்மேகத்தின் இடத்தில்தான். இந்தக் கோலை நான் முதலில் சீபாவிடம்தான் கொடுத்தேன். அவர் ஒரு தொழிலாளிக்கு விட்டுக்கொடுத்தார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பாஸ் அவரைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். சிவசங்கரனும் தட்டினார். வேறு என்ன செய்வது? நானாக விட்டுக்கொடுக்கவில்லை, அது வாட்ச்மேன் கம்பு என்று நினைத்தேன் என்றா சொல்ல முடியும்?

கார்மேகம் சங்கடத்தோடு அவரிடம் வந்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்.”

“ரூம்ல இடம் இருக்கா, இவ்வளவு பெரிய சிலைக்கு?” என்று கேட்டார் சிவசங்கரன். இல்லை என்ற பதிலுக்குக் காத்திருக்கிற குரல்.

“மேக்கட்டில் ஒண்ணு காலியா கெடக்கு சார். அந்தப் பய லீவுல போனவன், வரலைன்னுட்டான்.”

பிறகு வரிசை கட்டியது. பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாகக் கார்மேகத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டன. சேதுமாதவன், சங்கத்தின் தீபாவளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று அவரை அங்கேயே கேட்டுவிட்டார். கார்மேகம், அன்னைக்கி டூட்டி இல்லைன்னா வர்றேன் சார் என்றார். நளினியும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும், “நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்” என்று போனை நீட்டியது கணவனிடம்தான். அவர் வாங்கினார். மூன்று எடுத்தார். மூன்றிலும் கார்மேகத்தின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. நளினி பார்த்துவிட்டு அனன்யாவைக் கூப்பிட்டாள்.

ஹாலின் மூலையில் ஐயப்பன் வலது தோளில் ஐஸ் பையை வைத்து உட்கார்ந்திருந்தார். சட்டை விலகிய இடத்தில் தோள் கன்றி நீலமாகத் தெரிந்தது. ஒரு மரியாதைக்கு சிவசங்கரன் நின்று, என்ன ஆச்சு என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். சாமி இன்னைக்கு என் பக்கமா கொஞ்சம் சாஞ்சு உக்காந்துட்டாரு.”

“எனக்குப் பாரமே தெரியலப்பா.”

“ஆமா சார். பாத்தேன்.”

வீட்டுக்குப் போகிற வழியில் காரில் சிவசங்கரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோல் போனால் போகட்டும். பட்டுத் துணி, முதல் தட்டு, மேல்கட்டில் சாமி, எல்லாம் தொழில்பேட்டைக்குப் போகட்டும். பத்திரிகையில் படம் இருக்கிறது. முன்தண்டு முன்தண்டுதான். மாட்ரிட் அதைப் பார்க்கும்.

செப்டம்பர் இதழ் ஒரு திங்கட்கிழமை காலை மெயிலில் வந்தது. அட்டையிலேயே படம். முழுப் பக்கம். சிவசங்கரன் பார்த்த மாத்திரத்தில் சங்கத்தின் குழுவுக்கும், கோயம்புத்தூரில் இருக்கிற இரண்டு மைத்துனர்களுக்கும், கல்லூரித் தோழர்கள் நூற்றுப் பதினோரு பேருக்கும் அனுப்பினார். கீழே, பாரமற்ற பக்தி என்று எழுதினார். அதன்பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். முகம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. புன்னகையும் சரியாக இருந்தது. தண்டு அவர் தோளைத் தொடவில்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக, பின்னால் பாரத்தில் குனிந்து வந்த ஐயப்பனின் கண்கள் இரண்டும் தெரிந்தன.